கறுப்புப் பட்டை போட்டா அது படமா?

ஒரு வீடியோ ஓட ஆரம்பிக்குது, இன்னும் யாரும் பேசல, மியூசிக் கூட வரல, ஆனா அதுக்குள்ள நாம ஒரு முடிவுக்கு வந்துடுறோம். மேலயும் கீழயும் கறுப்புப் பட்டை இருந்தா "இது படம்". ரெண்டு பக்கமும் கறுப்பா இருந்து நடுவுல கிட்டத்தட்ட சதுரமா வந்தா "இது ஏதோ பழசு". போனை நிமிர்த்திப் பிடிச்ச மேனிக்கு ஸ்க்ரீன் முழுக்க நின்னா "யாரோ எடுத்தது, இல்லன்னா ரீல்ஸ்". உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, ஆனா எவ்வளவு பொறுமையா உக்காரணும், எதை எதிர்பார்க்கணும், எவ்வளவு நம்பணும்னு எல்லாத்தையும் அந்தச் சட்டத்தோட வடிவமே நமக்குச் சொல்லி முடிச்சுடுது. முன்னாடி தலைவாழை இலையை விரிச்சா விருந்து வரப்போகுதுன்னு கை தானா தண்ணி தெளிச்சுத் துடைக்குமே, அதே மாதிரிதான். இதை யாரும் நமக்குச் சொல்லிக் கொடுக்கல, பார்த்துப் பார்த்தே பழகிக்கிட்டோம், எப்படிப் பழகினோம்னு யோசிச்சா அதுக்குப் பின்னாடி நூறு வருஷத்துக்கும் மேல வியாபாரம், லென்ஸ், டிவி, போன்னு ஒரு பெரிய கதையே இருக்கு.

நான் மதுரைல எடிட்டிங் பண்றேன். பெரும்பாலும் கல்யாண வீடியோ, நடுநடுவுல நண்பர்களோட குறும்படம். கல்யாண வீட்டுக்காரங்க வந்து உக்காந்தாலே முதல்ல கேக்குறது "தம்பி கொஞ்சம் சினிமாட்டிக்கா பண்ணிக் குடுங்க"ங்கிறதுதான். சினிமாட்டிக்னா அவங்களுக்கு என்னன்னு கூட ரெண்டு கேள்வி கேட்டா மூணு விஷயம் வரும்: ஸ்லோ மோஷன், பின்னாடி எல்லாம் மங்கலா தெரியணும், அப்புறம் அந்தக் கறுப்புப் பட்டை. அந்தப் பட்டைய அவங்க வாயால கேக்க மாட்டாங்க, ஆனா பட்டை இல்லாமலும் பட்டையோடயும் அதே ஷாட்டை அடுத்தடுத்துப் போட்டுக் காட்டினா கை ரெண்டாவதைத்தான் காட்டும், "இதுதான் படம் மாதிரி இருக்கு"ன்னு.

இதுல என்ன நடக்குதுன்னு கணக்காப் பாருங்க. கேமரா எடுக்கிறது 16:9, அதாவது அகலம் 16 பங்குன்னா உயரம் 9 பங்கு, புள்ளிக் கணக்குல 1920க்கு 1080. சினிமாஸ்கோப், சுருக்கமா ஸ்கோப்னு சொல்ற அகலத் திரைப் படம் மாதிரி தெரியணும்னா 2.39:1 ஆக்கணும், அப்போ உயரம் சுமார் 804தான் மிஞ்சும். மேல 138 வரி, கீழ 138 வரி கறுப்பு. எடுத்த படத்துல நாலுல ஒரு பங்கை மறைச்சாச்சு. கேமராமேன் எடுத்தது குறைஞ்சிருக்கு, ஆனா பார்க்கிறவங்க மனசுக்கு அது கூடியிருக்கு. ஒரு பொருளைக் குறைச்சுக் கொடுத்து மதிப்பு கூடுதுன்னா அந்த மதிப்பு படத்துல இல்ல, நம்ம பழக்கத்துலதான் இருக்கு.

ஆனா பட்டை சும்மா அழகுக்கு மட்டும்னு விட முடியாது, அது யாரைக் காட்டணும்ங்கிறதையே மாத்திடுது. 90கள்ல எடுத்த கல்யாண கேசட்டை எடுத்துப் பாருங்க, 4:3ல, அதாவது கிட்டத்தட்ட சதுரமா இருக்கும். மேடைல ஒவ்வொரு சொந்தக்காரரா ஏறி வருவாங்க, மொய்க் கவரைக் கொடுப்பாங்க, லைட் பையன் வெளிச்சத்தை மூஞ்சிலயே அடிப்பான், எல்லாரும் ஒரே வரிசைல நின்னு தலைல இருந்து கால் வரைக்கும் தெரிவாங்க. அந்தக் கேசட்டைப் போட்டு உக்காந்தா வீட்ல எல்லாரோட எதிர்பார்ப்பும் ஒண்ணுதான், "நான் எப்ப வர்றேன்?" மூணு மணி நேரம் ஓடினாலும் யாரும் எந்திரிக்க மாட்டாங்க, ஏன்னா அது கணக்குப் புத்தகம் மாதிரி இல்லாம ஊரே இருக்கிற ஒரு பதிவு. இப்ப அதே கல்யாணம் ஸ்கோப்ல வந்தா பார்க்கிறவன் மனசு வேற மாதிரி வேலை செய்யுது, இது படம், படம்னா ஹீரோ ஹீரோயின் வேணும், அதனால மாப்பிள்ளையும் பொண்ணும்தான் தெளிவா இருக்காங்க, அத்தை மாமா சித்தப்பா எல்லாரும் பின்னாடி மங்கலான வெளிச்சப் பொட்டு ஆகிடுறாங்க. பெரியம்மா ஒருத்தங்க ஹைலைட்ஸ் பார்த்துட்டு "படம் நல்லாருக்குப்பா, கல்யாணம் எங்க?"ன்னு கேட்டாங்க. நான் பல நாள் யோசிச்ச கேள்வி அது.

கால்ல விழுந்து ஆசீர்வாதம் வாங்குறதை எடுத்துக்கோங்க. நம்ம கல்யாணத்துல அதை விட முக்கியமான காட்சி ரொம்பக் குறைவு, ஆனா அது மேலிருந்து கீழ நடக்கிற விஷயம். தாத்தா நிக்கிறாரு, பேத்தி குனியுறா, அட்சதை மேல இருந்து விழுது. ஸ்கோப்ல ஒண்ணு தாத்தா முகம், இல்லன்னா பேத்தி கை, ரெண்டும் வேணும்னா கேமரா மண்டபத்துக் கடைசி வரைக்கும் பின்னாடி போகணும், போனா ரெண்டு பக்கமும் சேர், ஃபேன், யாரோ போன் பேசுறாங்க. 4:3ல அது அப்படியே அளவெடுத்துத் தச்ச மாதிரி உக்காரும். தாலி கட்டும்போது கதையே வேற, சுத்தி வரிசையா குனிஞ்சு பார்க்கிற முகங்கள், அதுக்கு அகலம்தான் சரி. ஒரே கல்யாணத்துக்குள்ளயே ஒவ்வொரு சடங்கும் ஒவ்வொரு வடிவத்தைக் கேக்குது, நாம எல்லாத்துக்கும் ஒரே பட்டையைப் போட்டு மூடுறோம்.

அகலம்னாதான் சினிமாங்கிற எண்ணம் எங்க இருந்து வந்துச்சு? சினிமா பிறந்தப்ப அகலமே இல்ல. 1890கள்ல எடிசன் கம்பெனில டிக்சன் 35 எம்எம் ஃபிலிம்ல ஒரு ஃப்ரேமுக்கு நாலு துளைன்னு வச்சாரு, அது 4:3 ஆச்சு. பேசும் படம் வந்து ஃபிலிம் ஓரத்துல சவுண்ட் டிராக்குக்கு இடம் விட வேண்டியதாகி, 1932ல ஹாலிவுட் அகாடமி 1.37:1னு ஒரு அளவைப் பொதுவாக்குச்சு. அதுக்கு அப்புறம் இருவது வருஷம் உலகம் முழுக்க சினிமான்னா இந்தக் கிட்டத்தட்டச் சதுரம்தான். பராசக்தி அப்படித்தான், பதேர் பாஞ்சாலி அப்படித்தான், அன்னைக்கு உக்காந்து பார்த்த யாருக்கும் "ஸ்க்ரீன் சின்னதா இருக்கே"ன்னு தோணியிருக்காது.

மாத்தினது டிவி. டிவி கண்டுபிடிச்சவங்க சினிமாவோட வடிவத்தையே எடுத்துக்கிட்டு 4:3ல பெட்டி பண்ணிட்டாங்க, அமெரிக்காவுல ஜனங்க வீட்லயே உக்காந்துட்டாங்க, தியேட்டர் காலி. அப்போ வீட்டுப் பெட்டில முடியாத ஒண்ணைக் காட்டியாகணும். 1952ல மூணு ப்ரொஜெக்டரைச் சேர்த்து ஓட்டுற சினிராமா வந்துச்சு, 1953ல ஃபாக்ஸ் கம்பெனி 'தி ரோப்' படத்தை சினிமாஸ்கோப்ல விட்டுச்சு. ஹென்றி க்ரேத்தியன்னு ஒரு பிரெஞ்சுக்காரர் 1920கள்லயே பண்ணி வச்சிருந்த லென்ஸ் அது, அகலமான காட்சியை நெருக்கி சாதா ஃபிலிம்ல அடைச்சு, ஓட்டும்போது இன்னொரு லென்ஸ் வச்சு திரும்ப விரிக்கும். ஆக அகலம் பிறந்ததே "இது டிவி இல்ல"ன்னு சொல்றதுக்குத்தான். அந்த அர்த்தம் எழுபது வருஷம் ஆகியும் இன்னும் ஒட்டிக்கிட்டிருக்கு, போன்ல பார்க்கிற மூணு நிமிஷக் கல்யாண டீசர்ல கூட.

நம்ம நாட்டுக்கு 1959ல குரு தத் 'காகஸ் கே பூல்' மூலமா ஸ்கோப்பைக் கொண்டு வந்தாரு, வி.கே.மூர்த்தி ஒளிப்பதிவு. தமிழுக்கு வர 1973 ஆச்சு, சிவாஜி நடிச்சு ஏ.பி.நாகராஜன் எடுத்த 'ராஜ ராஜ சோழன்'. அப்புறம் போஸ்டர்லயும் பேப்பர் விளம்பரத்துலயும் நடிகர் பேருக்குச் சமமா "சினிமாஸ்கோப்"னு போடுவாங்க, 1986ல ரஜினியோட 'மாவீரன்' வந்தப்ப "70 எம்எம்". என்ன கதைன்னு தெரியாமலே அந்த வார்த்தைக்காகவே டிக்கெட் எடுத்த தலைமுறை ஒண்ணு இருந்துச்சு.

அந்தக் காலத் தியேட்டர்ல இதுக்கு ஒரு சடங்கே உண்டு. முதல்ல நியூஸ் ரீல், விளம்பர ஸ்லைடு, எல்லாம் நடுவுல சின்னதா ஓடும். அப்புறம் ரெண்டு பக்கமும் கறுப்புத் துணி மெல்ல விலகும். அது விலகும்போதே விசில் பறக்கும், படம் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. சில நேரம் ஆபரேட்டர் லென்ஸை மாத்தாம ஓட்டிடுவாரு, நெருக்கி வச்ச படம் விரியாம அப்படியே வந்து ஹீரோ பனைமரம் மாதிரி ஒல்லியா நெட்டையா நிப்பாரு, "லென்ஸை மாத்துய்யா"ன்னு தரை டிக்கெட்ல இருந்து கத்துவாங்க. இப்படி நெருக்கி விரிக்கிற லென்ஸுக்குப் பேர் அனமார்பிக், அப்படின்னா என்னன்னு தெரியாதவங்களுக்கும் லென்ஸ் மாறலைன்னு தெரிஞ்சது.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்றேன். தமிழ்ல முதல் ஸ்கோப் படம் யாரைப் பத்தினது? தஞ்சாவூர்ல 216 அடி உயரத்துக்கு விமானம் கட்டின ராஜாவைப் பத்தினது. நம்ம ஊர்க் கண்ணு காலங்காலமா கோபுரத்தைப் பார்த்து மேல போய்ப் பழகின கண்ணு, பஸ்ல வரும்போதே தூரத்துல கோபுரம் தெரிஞ்சாதான் ஊர் வந்துடுச்சுன்னு அர்த்தம். அந்தப் பெருமையைச் சொல்ல நாம எடுத்துக்கிட்ட சட்டம் படுக்கை வசத்துல நீளமானது. நான் மீனாட்சி அம்மன் கோயில் தெற்குக் கோபுரத்தை 16:9ல ஒழுங்கா எடுக்க எத்தனையோ தடவை மல்லுக்கட்டியிருக்கேன், கேமராவை கீழ இருந்து மேல தூக்கிக்கிட்டே போனாத்தான் உண்டு, ஒரே ஃப்ரேம்ல வேணும்னா கோபுரம் விரல் அளவு ஆகிடும். 1930லயே ரஷ்ய டைரக்டர் ஐசன்ஸ்டீன் ஹாலிவுட்ல போய் இதைத்தான் பேசினாரு, அகலத் திரை பத்தி அங்க பேச்சு ஓடிக்கிட்டிருந்தப்ப, திரை சதுரமா இருக்கட்டும், அப்போதான் உயரமானதையும் அகலமானதையும் ரெண்டையும் வைக்க முடியும்னு வாதாடினாரு. யாரும் கேக்கல. கேட்டிருந்தா கோபுரத்துக்கும் கால்ல விழுறதுக்கும் இன்னைக்கு ஒரு இடம் இருந்திருக்கும்.

சரி, டிவிக்கு வருவோம். ஸ்கோப் படத்தை 4:3 பெட்டில காட்டணும்னா ரெண்டே வழி. முழுசா காட்டினா மேல கீழ கறுப்பு. ஸ்க்ரீனை நிரப்பினா பக்கவாட்டுல கிட்டத்தட்ட பாதிப் படம் காலி. ஞாயித்துக்கிழமை சாயங்காலப் படம் பார்த்து வளர்ந்தவங்களுக்குத் தெரியும், ரெண்டு பேர் பேசுற காட்சில ஒருத்தர் மூக்கு இந்த ஓரத்துல, இன்னொருத்தர் காது அந்த ஓரத்துல, நடுவுல ஒரு பூஜாடி. கறுப்புப் பட்டையோட போட்டாலோ "டிவி ரிப்பேரா, பாதிதான் தெரியுது"ன்னு சத்தம். அதாவது அன்னைக்கு அதே கறுப்புப் பட்டை குறையா தெரிஞ்சது, காசு கொடுத்து வாங்கின ஸ்க்ரீன்ல பாதியைத் திருடிட்ட மாதிரி. இன்னைக்கு அதுவே தரம்னு தெரியுது. பட்டை மாறல.

இப்ப நம்ம டிவி எல்லாம் 16:9தான், அது எந்தப் படத்தோட வடிவமும் இல்லைன்னு எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியல. 1980கள்ல எச்டி டிவிக்கு என்ன வடிவம் வைக்கலாம்னு பேசினப்ப கெர்ன்ஸ் பவர்ஸ்னு ஒரு இன்ஜினியர், புழக்கத்துல இருந்த எல்லா அகல-உயர விகிதத்தையும் ஒரே பரப்பளவுல செவ்வகமா வரைஞ்சு ஒண்ணு மேல ஒண்ணா நடுவைச் சேர்த்து வச்சுப் பார்த்தாரு. எல்லாத்தையும் அடக்குற வெளிச் செவ்வகமும் எல்லாத்துக்கும் பொதுவான உள் செவ்வகமும் ரெண்டுமே 1.77க்குப் பக்கத்துல வந்துச்சு. 4:3க்கும் ஸ்கோப்புக்கும் நடுவுல ஒரு சமரசம், ரெண்டுக்குமே கொஞ்சம் கறுப்பு உண்டு, யாருக்கும் ரொம்ப நஷ்டம் இல்ல. எனக்கு அந்த யோசனை மேல மரியாதை உண்டு.

ஆனா நம்ம வீடுகள்ல அந்தச் சமரசத்தை ஏத்துக்கிட்டோமா? பழைய 4:3 படம், பழைய பாட்டு வந்தா டிவி அதைப் பக்கவாட்டுல இழுத்துப் பரத்திடும், சாவித்திரி முகம் மூணுல ஒரு பங்கு அகலமாகிடும், அதை வருஷக்கணக்கா பார்த்துப் பழகிட்டோம். கறுப்பு இருக்கக் கூடாது, ஸ்க்ரீன் நிரம்பணும், மூஞ்சி உப்பினாப் பரவாயில்ல. என்கிட்ட பழைய விஎச்எஸ் கேசட்டை பென் டிரைவ்ல மாத்தித் தரச் சொல்லி வர்றவங்களும் "ஃபுல் ஸ்க்ரீன்ல வரணும் தம்பி"ம்பாங்க. நான் 4:3லயே, ரெண்டு பக்கமும் கறுப்பு விட்டுத்தான் கொடுப்பேன், கொடுக்கும்போது ரெண்டு விதமாவும் ஓட்டிக் காட்டி "உங்க அப்பா இப்படியா இருந்தாரு, இப்படியா?"ன்னு கேட்பேன். கேட்டதும் யாரும் இழுத்ததை எடுத்துக்கிட்டுப் போனதில்ல.

வடிவம் மட்டும் இல்ல, வேகமும் இதே வேலையைத்தான் செய்யுது. சினிமா நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 தனித்தனிப் படம். நம்ம பழைய டிவி வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம், ஆனா ஒவ்வொண்ணும் ரெண்டு பாதியா பிரிஞ்சு 50 தடவை அசைவு பதிவாகும், அதனால வழவழன்னு இருக்கும். நியூஸ், கிரிக்கெட், சீரியல் எல்லாம் அந்த வழவழப்புலயே பார்த்தோம், படம் மட்டும் 24ல பார்த்தோம். அதனால இன்னைக்கும் அதிக ஃப்ரேம்ல எதைக் காட்டினாலும் நம்ம ஆளுங்க வாய்ல வர்ற முதல் வார்த்தை "சீரியல் மாதிரி இருக்கு". பீட்டர் ஜாக்சன் 2012ல 'தி ஹாபிட்' படத்தை 48 ஃப்ரேம்ல விட்டப்ப அமெரிக்காக்காரனும் இதையேதான் சொன்னான், செட்டு செட்டாவே தெரியுது, மேக்கப் மேக்கப்பாவே தெரியுதுன்னு. உண்மைல 48ல தகவல் அதிகம், தெளிவு அதிகம். ஆனா தெளிவு கூடினா படம்ங்கிற நம்பிக்கை உடையுது. புது டிவி வாங்கி படம் போட்டா ஏதோ சரியில்லாத மாதிரி தோணுதுன்னா அதுக்கும் காரணம் இதுதான், டிவி தானாவே நடுவுல ஃப்ரேமை உண்டாக்கிச் சேர்க்குது, 2018 டிசம்பர்ல டாம் க்ரூஸே ஒரு வீடியோ போட்டு அதை ஆஃப் பண்ணுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. உங்க டிவி செட்டிங்ல பிக்சர் பகுதில போய் மோஷன்னு வர்றதைத் தேடி அணைச்சுடுங்க, கிரிக்கெட்டுக்கு வேணும்னா போட்டுக்கலாம்.

இப்ப போன். ஒரு பத்துப் பன்னெண்டு வருஷம் முன்னாடி போனை நிமிர்த்தி வீடியோ எடுத்தா எங்க தொழில்ல இருக்கிறவங்க திட்டுவாங்க, "சாய்ச்சுப் பிடி"ம்பாங்க. இன்ஸ்டாகிராம் 2010ல வந்தப்ப போட்டோ சதுரம் மட்டும்தான், 2015லதான் மத்த வடிவத்தை விட்டாங்க. நம்ம நாட்டுல 2020 ஜூன்ல டிக்டாக்கை நிறுத்தினதும் ஒரு மாசத்துல ரீல்ஸ் வந்துச்சு, செப்டம்பர்ல யூடியூப் ஷார்ட்ஸ் இங்கதான் முதல்ல சோதனைக்கு இறங்குச்சு. அதோட முடிஞ்சது அந்தத் திட்டு எல்லாம். இப்ப கல்யாண வீட்டுக்காரங்க "படம் எப்ப வேணாலும் தாங்க, ரீல்ஸ் இன்னைக்கு ராத்திரிக்குள்ள வேணும்"ங்கிறாங்க.

வெர்டிகல் வீடியோ கிட்ட நாம எதிர்பார்க்கிறது என்னன்னு கவனிச்சுப் பார்த்தா ரெண்டு விஷயம் தெரியுது. ஒண்ணு, இது உடனே ஏதாவது பண்ணணும், ரெண்டு நொடில ஒண்ணும் நடக்கலைன்னா கட்டை விரல் தானா மேல தள்ளிடும். அதே ஆள், அதே போன், சாய்ச்சுப் பிடிச்சு ஒரு படம் போட்டா பத்து நிமிஷம் மெதுவா போனாலும் உக்காந்திருக்கான். போனைச் சாய்க்கிறதே ஒரு முடிவு, "நான் இதுக்கு நேரம் தர்றேன்"னு. ரெண்டாவது இன்னும் முக்கியமானது, வெர்டிகலை நாம நம்புறோம். யாரோ வழில போனவங்க பாக்கெட்ல இருந்து எடுத்துப் பிடிச்சது, திட்டமிட்டது இல்ல, அப்படின்னு. நியூஸ் சேனல்ல பார்த்தா நடுவுல வெர்டிகல் வீடியோ, ரெண்டு பக்கமும் அதையே மங்கலாக்கிப் பரத்தி வச்சிருப்பாங்க, அந்த மங்கல் ஓரமே "இது நேர்ல பார்த்தவர் எடுத்தது"ங்கிற முத்திரை ஆகிடுச்சு. அதனாலதான் இப்ப விளம்பரக்காரங்களும் காசு செலவு பண்ணி, கை ஆடுற மாதிரி, போன்ல எடுத்த மாதிரியே எடுக்குறாங்க. வதந்தி பரப்புறவங்களுக்கும் இது நல்லாவே தெரியும். ஸ்கோப்ல பட்டை போட்டு ஒரு கலவரத்தைக் காட்டினா "எந்தப் படத்துல வருது?"ன்னு கேட்போம், அதையே வெர்டிகலா வாட்ஸ்அப்ல பார்த்தா நாலு க்ரூப்புக்கு அனுப்பிடுறோம். வடிவத்தைப் பார்த்து நம்புற பழக்கத்துல எனக்குப் பயம்னு ஒண்ணு இருந்தா அது இங்கதான்.

தொழில் கணக்கும் சொல்லிடுறேன். 2.39ல ஃப்ரேம் வச்சு எடுத்த ஷாட்டை ரீல்ஸுக்கு வெட்டினா அகலத்துல நாலுல ஒரு பங்கு கூட தேறாது. அதே ஸ்கோப் படத்தை போனை நிமிர்த்தி வச்சே பார்த்தா ஸ்க்ரீன்லயும் நாலுல ஒரு பங்குக்கும் கம்மியான இடத்துலதான் ஓடும். ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு விரோதி. அதனால புக்கிங் அன்னைக்கே "இதை எங்க வச்சுப் பார்ப்பீங்க?"ன்னு கேட்டுடுறேன், வெர்டிகலுக்குத் தனி கேமரா, தனி ஆள். கால்ல விழுறதுக்கு அந்த வெர்டிகல் கேமராவைத்தான் நிறுத்தச் சொல்றேன், அவ்வளவு அழகா வருது, ஐசன்ஸ்டீன் பார்த்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பாரு.

பழகின எதிர்பார்ப்பை வேணும்னே உடைக்கிறவங்களும் இருக்காங்க. 2021ல சாக் ஸ்னைடரோட ஜஸ்டிஸ் லீக் 4:3ல வந்துச்சு, சூப்பர் ஹீரோ படம், நாலு மணி நேரம், ரெண்டு பக்கமும் கறுப்பு. டிவி கோளாறுன்னு ஜனங்க நினைச்சுடக் கூடாதுன்னு ஆரம்பத்துலயே இது டைரக்டர் விரும்பின வடிவம்தான்னு எழுத்துப் போட வேண்டியதாச்சு. அவரு மனசுல இருந்தது ஐமேக்ஸோட உயரமான திரை, பறக்கிற ஆளுங்களுக்கு உயரம் வேணுமில்லையா. ஆனா வீட்ல பார்த்தவங்களுக்குத் தெரிஞ்சது பழைய டிவி.

எனக்கு அதை விட நெருக்கமானது அருண் கார்த்திக் எடுத்த 'நசீர்'. 2020 ராட்டர்டாம் திரைப்பட விழாவுல விருது வாங்கின தமிழ்ப் படம், கோயம்புத்தூர்ல ஜவுளிக் கடைல வேலை பார்க்கிற ஒருத்தரோட ஒரு நாள், எழுத்தாளர் திலீப்குமார் கதையைத் தழுவினது. அதுவும் 4:3. முதல்ல பார்க்கும்போது ஏதோ பழைய வீட்டு வீடியோ பார்க்கிற மாதிரி ஒரு நிம்மதி வருது, சந்து, தண்ணிக் குடம், டிபன் பாக்ஸ், புடவை மடிக்கிற கை, எல்லாம் அந்தச் சின்னச் சட்டத்துக்குள்ள பத்திரமா இருக்கு. ஸ்கோப்ல எடுத்திருந்தா அந்தச் சந்தோட ரெண்டு பக்கமும் தெரிஞ்சிருக்கும், ஊர் தெரிஞ்சிருக்கும், வரப்போறது என்னன்னு கண்ணு தேட ஆரம்பிச்சிருக்கும். இதுல பார்க்க இடமே இல்ல, வெளிய இருக்கிறது எல்லாம் காதுலதான் விழுது, ஒலிபெருக்கில ஏதோ பேச்சு கேட்டுக்கிட்டே இருக்கு, அந்த மனுசன் மாதிரியே நாமளும் அதைக் காதுல வாங்காம நம்ம வேலையைப் பார்க்கிறோம். அப்புறம் என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன், பார்க்காதவங்க பாருங்க. 4:3ன்னா பழசு, பாதுகாப்பு, ஆபத்தில்லாததுன்னு நம்ம மனசுல இருக்கிற பழக்கத்தை அந்தப் படம் எவ்வளவு அக்கறையா பயன்படுத்தியிருக்குன்னு தெரியும்.

கடைசியா ஒரு ஆதங்கம், இதுக்காகத்தான் இவ்வளவு எழுத உக்காந்தேன். 2012ல 'கர்ணன்' படத்தை டிஜிட்டல்ல சுத்தம் பண்ணித் திரும்ப ரிலீஸ் பண்ணாங்க, ஊரே திரண்டு போய்ப் பார்த்துச்சு, இருவது வயசுப் பசங்க சிவாஜி வசனத்துக்கு விசில் அடிச்சாங்க, அதைப் பண்ணினவங்களுக்குத் தமிழ் சினிமா கடமைப்பட்டிருக்கு. அது ஓடினதைப் பார்த்துத்தான் வரிசையா பழைய படங்கள் வந்துச்சு. ஆனா 1964ல எடுத்த படம் புதுசா வந்தது சினிமாஸ்கோப்ல. 1.37ல எடுத்த ஃப்ரேமை 2.35 அகலத்துக்கு நேரா வெட்டினா உயரத்துல நூத்துக்கு நாப்பதுக்கும் மேல போகும், ஷாட்டுக்கு ஷாட் மேல கீழ நகர்த்தி எவ்வளவு பொறுமையா பண்ணினாலும் போற அளவு போகத்தான் செய்யும். கிரீடம் வச்சு, மார்புக் கவசம் போட்டு, நிமிர்ந்து நிக்கிற புராணப் படம் அது. அதுல கிரீடத்தை விடுறதா கையை விடுறதான்னு முடிவு பண்ற நிலைமைல நான் உக்காந்திருந்தா எனக்குக் கை நடுங்கியிருக்கும்.

ஏன் வெட்டுறாங்கன்னு புரியாம இல்ல. நடுவுல சதுரமா ஓடினா "டிவில பார்க்கிற மாதிரி இருக்கு, காசைக் கொடுங்க"ன்னு ஜனங்க கேட்டுடுவாங்கன்னு பயம், பெரிய திரைல ரெண்டு பக்கமும் காலியா விட விநியோகஸ்தருக்கு மனசு வராது. ஆனா அந்தப் பயத்துக்கு இப்ப அர்த்தம் குறைஞ்சிடுச்சு. இன்னைக்குத் தியேட்டருக்கு வர்ற பசங்க காலைல இருந்து நிமிர்ந்த வீடியோ பார்க்கிறாங்க, சதுரம் பார்க்கிறாங்க, மத்தியானம் படுத்த வீடியோ பார்க்கிறாங்க, ஒரே நாள்ல எல்லா வடிவமும் கண்ணுல படுற முதல் தலைமுறை இது. எங்க அப்பா காலத்துல கறுப்பைப் பார்த்து ரிப்பேர்னு நினைச்ச மாதிரி இவங்க நினைக்க மாட்டாங்க, சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. டிஜிட்டல் ப்ரொஜெக்டர்ல 4:3 படத்தை நடுவுல உக்கார வச்சு முழு உயரத்துக்கு ஓட்ட ஒரு தடையும் இல்ல, ஃபைலை அப்படிப் பண்ணிக் கொடுத்தாப் போதும். பக்கத்துல அந்தக் காலத்துக் கறுப்புத் துணியை இழுத்து விட வசதி இருக்கிற தியேட்டர்னா இன்னும் நல்லது.

அடுத்து யாராவது பழைய படத்தைத் தூசி தட்டி எடுக்கிறீங்கன்னா, முன்னாடி போஸ்டர்ல "சினிமாஸ்கோப்"னு கொட்டை எழுத்துல போட்ட மாதிரியே "எடுத்தது எடுத்தபடி, முழு ஃப்ரேம்"னு பெருசா போடுங்க. டிரெய்லர்ல வெட்டினதையும் வெட்டாததையும் பக்கத்துல பக்கத்துல பத்து நொடி காட்டுங்க. மதுரைல எந்தத் தியேட்டர்ல போட்டாலும் முதல் காட்சிக்கு நானும் எங்க எடிட்டிங் ரூம் பசங்களும் வர்றோம், பெரியவங்களையும் கூட்டிட்டு வர்றோம்.